மூன்று முறை லூசான ஸ்க்ரூ

நம் பல் டாக்டர்கள் வாட்ஸப் குழுவில் நீங்கள் போடுகிற எக்ஸ்ரே படங்களை நான் பார்க்காமல் இல்லை. எலும்புக்குள் இம்ப்ளாண்ட் நேராக நிற்கிறது. கோணம் பிசகவில்லை. கீழே நரம்புக்குப் போதுமான இடம் விட்டிருக்கிறீர்கள். எல்லாரும் கை தட்டுகிறார்கள், எனக்கு மட்டும் எரிச்சல் வருகிறது. போன வாரம் ஒரு படத்துக்குக் கீழே, "இந்த நோயாளி என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டேன். போட்டவர் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினார். மேடம் ரிட்டயர் ஆகிவிட்டார், பொழுது போகவில்லை என்று நினைத்திருப்பார். என் பொழுது நன்றாகவே போகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டு நான் பட்ட பாடு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் கிளினிக் வைத்தவர்களுக்கு எங்கள் நோயாளிகளைப் பற்றித் தெரியும். பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி அட்டையோடு வருவார்கள். நாற்காலியில் உட்காரும்போதே, "சீக்கிரம் முடிங்க மேடம், பஸ்ஸு போயிடும்" என்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னால் ஒன்றரை வருஷம் கழித்து, வலி வந்த பிறகு வருவார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் ஷிப்ட் மாறிவிட்டது என்பார்கள். ஒரு மனிதருக்கு ஒன்றரை வருஷமாகவா ஷிப்ட் மாறும்? இப்படித் தினமும் கத்திக் கத்தித்தான் என் தொண்டை போனது.

ஏழுமலையும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். எளாவூர்ப் பக்கம் ஊர், நாற்பத்தைந்து வயது இருக்கும். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பிட்டர் வேலை. மெஷின் நின்றுபோனால் அதன் வயிற்றுக்குள் கையை விட்டுச் சரிசெய்கிறவர். முதல்முறை வந்தபோது இடதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் நெடுக்காகப் பிளந்திருந்தது. சொத்தை இல்லை, ஈறு கெடவில்லை, நல்ல பல். பீடி உண்டா, வெற்றிலை பாக்கு உண்டா, ஹான்ஸ் புகையிலை உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். எதுவும் இல்லை. "ஏதாவது கெட்டியாகக் கடித்தீர்களா?" என்றதற்கு, "எலும்பு எதுனா கடிச்சிருப்பேன் டாக்டரம்மா" என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டு பல்லைப் பிடுங்கினேன்.

முதலில் கழற்றி மாட்டுகிற பல்தான் செய்து கொடுத்தேன். ஒரே வாரத்தில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"இது நிக்க மாட்டேங்குது. நவுந்துக்கினே கீது. பெரிய பேஜாரு."

"சாப்பிடும்போது கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், பழகிடும்."

"சாப்பாட்டுக்கு இன்னா, அந்தப் பக்கம் மென்னுக்குவேன். இது ஒயுங்கா புடிச்சி நிக்கணும். ஸ்க்ரூ போட்டு டைட் பண்றீங்கோ இல்ல, அந்த மாதிரி போட்டுடுங்க."

சாப்பாட்டுக்கு இல்லை என்று அந்த மனிதர் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார். எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அதோடு விட்டாரா என்றால் இல்லை. இம்ப்ளாண்ட் எப்படி வேலை செய்யும் என்று நான் மாதிரியை வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன்: எலும்புக்குள் டைட்டானியத்தில் ஒரு வேரை இறக்குவோம், எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று நான்கு மாதம் ஆகும், அதன் மேல் பல்லை ஒரு சின்ன ஸ்க்ரூவால் முடுக்குவோம், ஸ்க்ரூ போன ஓட்டையை மேலே அடைத்துவிடுவோம். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு மணி நேரம் விடாம கடிச்சிக்கினே இருந்தாலும் தாங்குமா?" என்றார்.

"என்ன, முழு ஆட்டையும் நீங்களே சாப்பிடப் போறீங்களா?" என்றேன். அவரும் சிரித்தார். என் உதவியாளர் மேரியும் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

இம்ப்ளாண்ட் நன்றாகவே பிடித்தது. கீழே நரம்புக்கு மிகப் பக்கம், எலும்பு தாராளமாக இல்லை, ஆனாலும் சரியாக உட்கார்ந்தது. மேலே பல்லை வைத்து, முடுக்கும் விசையை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்கினேன். அவர் தலையைத் தூக்கி ரெஞ்சைப் பார்த்து, "எங்க கைல இதே பெரிசா கீது டாக்டரம்மா" என்று சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். அந்த எக்ஸ்ரேயை இன்று குழுவில் போட்டால் நீங்கள் எல்லாரும் கை தட்டுவீர்கள்.

நான்கு மாதத்தில் ஸ்க்ரூ லூசாகிப் பல் ஆடியது. அடைப்பைத் திறந்தேன், முடுக்கினேன், அடைத்தேன். ஐந்து மாதம் கழித்து மறுபடியும் ஆடியது. மறுபடியும் முடுக்கினேன். ஸ்க்ரூ சரியில்லை என்று அந்த இம்ப்ளாண்ட் கம்பெனியின் விற்பனையாளரை போனில் ஒரு பிடி பிடித்தேன். அந்தப் பிள்ளை பயந்துபோய்ப் புது ஸ்க்ரூ அனுப்பியது. மூன்றாவது முறை அந்தப் புது ஸ்க்ரூவும் லூசானது, அதையும் முடுக்கினேன். மைக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்லி, பல் எங்கே படுகிறது என்று மூன்று முறையும் பார்த்தேன். உயரம் சரியாகவே இருந்தது. அப்படியென்றால் வேறு ஏதோ இருக்கிறது என்று ஒருத்திக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. வெளியே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், முடுக்கினால் ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடலாம், முடுக்கினேன்.

நான்காவது முறை ஏழுமலை என்னிடம் வரவில்லை. ஐந்து நிமிஷ வேலைக்கு அரை நாள் லீவு எதற்கு என்று அவரே முடுக்கிவிட்டார்.

இந்த மாதிரிக் கூத்து நம் பக்கத்தில் மட்டும்தான் நடக்கும். மற்ற ஊரில் பல் ஆடினால் மனிதர்கள் பயப்படுவார்கள். ஒரு பிட்டருக்கு ஆடுகிற ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. டூல் ரூமிலிருந்து இருப்பதிலேயே சின்ன ஆலன் கீயை எடுத்து, நுனியை உரசிச் சரிசெய்து, கண்ணாடி முன்னால் நின்று மேல் அடைப்பைத் தோண்டிவிட்டு முடுக்கியிருக்கிறார். கீ தொண்டைக்குள் போய்விடாமல் இருக்க அதில் நூலைக் கட்டி விரலில் சுற்றிக்கொண்டாராம். நாமும் அப்படித்தான் கட்டுகிறோம். அந்தப் புத்தியெல்லாம் இருந்தது. எந்த அளவில் நிறுத்துவது என்பது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் காலையில், நான் கிளினிக்கைத் திறந்த கையோடு, பல்லை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"டிக்குன்னு ஒரு சத்தம் டாக்டரம்மா. அப்பால கைலயே வந்துடுச்சி."

பார்த்தேன். ஸ்க்ரூவின் தலை பல்லோடு வந்திருந்தது. மீதிப் பாதி உடைந்து, எலும்புக்குள் இருக்கிற இம்ப்ளாண்டின் மரைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை எடுக்கும்போது உள்மரை கெட்டுவிட்டால் இம்ப்ளாண்ட் வீண். அதைச் சுற்றியுள்ள எலும்போடு சேர்த்துக் குடைந்துதான் எடுக்க வேண்டும். அவருக்கு எலும்பே கொஞ்சம், அடியில் நரம்பு. தவறினால் பாதி உதடு அவர் ஆயுசுக்கும் மரத்துப்போகும். டீ குடித்தால் வாயோரம் வழிவதுகூடத் தெரியாது.

எனக்கு வந்த கோபத்தில் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கிளினிக்கை மூடிவிட்டு உங்கள் டூல் ரூமிலேயே எல்லாருக்கும் பல் கட்டச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் முடித்த பிறகு மெதுவாக ஒன்று சொன்னார்.

"மெய்யாலுமே தப்புதான். ஆனா எங்க வேலைல ஒரு போல்ட்டு மூணு வாட்டி லூசாச்சின்னா அத்த முடுக்க மாட்டோம். எதனால லூசாவுதுன்னு பாப்போம்."

"அப்ப நீங்க ஏன் முடுக்குனீங்க?"

"நீங்க முடுக்குனீங்கோ இல்ல? டாக்டரம்மாவே முடுக்குறாங்கோ, பல்லுக்கு அப்பிடித்தான் போலன்னு நானும் முடுக்குனேன்."

மேரி சட்டென்று திரும்பிக்கொண்டு கருவிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒருவர் கேட்டுவிட்டால் நம் கை என்ன செய்யும் தெரியுமா? உடனே ஏதாவது செய்து காட்டத் துடிக்கும். நான் டிரில்லைக் கையில் எடுத்துவிட்டேன். துண்டின் நடுவில் ஒரு பள்ளம் பறித்து, அதில் கருவியை ஊன்றித் திருப்பி எடுக்கலாம் என்று கணக்கு. செய்கிறவர்கள் உண்டு. நிதானமான கைக்கு அது முடியும். என் கை அப்போது சண்டை போட்டுவிட்டு வந்த கை. டிரில் அரை மில்லிமீட்டர் சறுக்கினால் மரை போய்விடும்.

"மேடம், ஒரு டீ சொல்லட்டுமா?" என்றாள் மேரி. பதினாறு வருஷம் என்னோடு இருந்தவள். என் கையை என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டிரில்லைக் கீழே வைத்தேன். டீ வந்தது, குடித்தேன். வெளியே காத்திருந்தவர்களிடம் மத்தியானம் வாருங்கள் என்று மேரி சொல்லி அனுப்பினாள். ஒரு அம்மாள் கிளம்பாமல் கதவருகே நின்று திட்டிக்கொண்டிருந்தார். திட்டட்டும் என்று விட்டேன். என் பணிக்காலத்தில் நான் உருப்படியாகச் செய்தவற்றில் அந்த டீயும் ஒன்று என்று நினைக்கிறேன்.

பிறகு உட்கார்ந்து, மெல்லிய ஊசிமுனையால் துண்டின் ஓரத்தைத் தொட்டு, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. பல் சுத்தம் செய்கிற மெஷினின் அதிர்வை ஓரத்தில் கொடுத்துப் பார்த்தேன். இருபது நிமிஷம் ஆனது. அப்போதுதான் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் நாற்காலியும் மெஷினும் ஓடின, மேல் லைட் மட்டும் ஓடவில்லை. அந்த லைனை மாற்றிக் கொடுக்கச் சொல்லி எலெக்ட்ரீஷியனிடம் எத்தனை மாதமாகக் கேட்டிருப்பேன். மேரி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். நாலு மில்லிமீட்டர் குழிக்குள் அது இறங்கவில்லை, என் விரலின் நிழல்தான் விழுந்தது.

ஏழுமலை வாயைத் திறந்தபடியே சட்டைப்பையில் கையை விட்டு, பேனா மாதிரி ஒரு டார்ச்சை எடுத்து மேரியிடம் நீட்டினார். அதைப் பொருத்தியதும் குழியின் அடிவரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. "இது சூப்பரா இருக்கு மேடம்" என்று அவள் என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

டார்ச்சின் பின்பாதியில் சைக்கிள் ட்யூப் ரப்பரை இறுக்கிச் சுற்றியிருந்தது. ரப்பர் முழுக்கப் பல் தடம். மேலே மூன்று, கீழே மூன்று. கீழ் வரிசையில் நடுத்தடம் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக, விளிம்பு மழுங்காமல் விழுந்திருந்தது. நடுவில் சிலுவை போல ஒரு மேடு, பல்லில் உள்ள பள்ளத்தின் அச்சு. அந்தப் பள்ளத்தை அப்படி வெட்டச் சொல்லி, பல் செய்கிற லேபுக்குப் படம் போட்டுக் கொடுத்ததே நான்தான். என் பல் அது.

கருவிகளை வெளியே எடுத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தினேன்.

"இத வாயில கடிச்சிக்கிட்டா வேலை பாக்கறீங்க?"

அவர் மேரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேப்டி ஆபீசர் கைல மட்டும் சொல்லிடாதீங்க. மெமோ குடுத்துடுவாங்கோ."

"நான் எதுக்கு அவர்கிட்ட சொல்றேன்? எத்தனை வருஷமா?"

"நாலு வருசம் இருக்கும். கியர் பாக்ஸுக்குள்ள ரெண்டு கையும் போயிடும், வெளிச்சம் யாரு புடிப்பா? மின்ன இன்னொரு ஆளு இருந்தாரு, அவர நிறுத்திட்டாங்கோ. தலைல மாட்டுற லைட்டு போட்டு பாத்தேன், என் கை நெயலே மறைச்சிடுது. வாயில வெச்சிக்கினா நான் திரும்புற பக்கம் அதுவும் திரும்பும்."

"இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா பல்லு கட்ட மாட்டீங்கோன்னு நெனச்சேன். ரெண்டு மணி நேரம் தாங்குமான்னு கேட்டேனே. பல்லுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் ரப்பர் சுத்தி வெச்சிருக்கேன்."

என்னால் உட்கார முடியவில்லை. பல் என்பது மேலிருந்து கீழே மெல்லுகிற பாரத்துக்குச் செய்யப்பட்டது. உலோகத் தடியைப் பக்கவாட்டில் நீட்டிக் கடித்துக்கொண்டு, போல்ட்டை முடுக்கும்போது தாடையையும் சேர்த்து முறுக்கினால், எந்த ஸ்க்ரூ நிற்கும்? விற்பனையாளப் பிள்ளையை நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கு வர வேண்டியது. முதலில் பிளந்த அந்த நல்ல பல்லும் எலும்பு கடித்துப் பிளந்ததில்லை. பீடி, பாக்கு என்று நோயாளியிடம் இத்தனை கேட்கிறோம். எட்டு மணி நேரம் வேலை செய்கிற மனிதரிடம், வேலையில் உன் வாய் என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நோயாளி விவரம் எழுதுகிற நம் சீட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

மறுபடியும் அவரைப் படுக்க வைத்தேன். மேரி அதே டார்ச்சைப் பிடித்தாள். இந்த முறை அவசரப்படவில்லை. தொடுவது, அதிர்வு கொடுப்பது, கழுவுவது, பார்ப்பது. கழுத்து வலித்தது, நிறுத்தினேன், மறுபடி தொட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, துண்டின் மேல் இருந்த ஒரு கீறல் பன்னிரண்டு மணியிலிருந்து பதினோரு மணிக்கு நகர்ந்திருந்தது. மேரி மூச்சை அடக்கிக்கொண்டு, "சுத்துது மேடம்" என்றாள். அப்புறம் அது தானாகவே மேலே வந்தது. பஞ்சில் ஒற்றி எடுத்தேன். எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு. உள்மரையில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, முகக்கவசம் இருந்ததால் தப்பித்தேன்.

ஏழுமலை துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரை சுத்தமா கீது" என்று எனக்கு நற்சான்று கொடுத்தார்.

இம்ப்ளாண்ட் பிழைத்த சந்தோஷம் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. பாரம் குறைவாகப் படட்டும் என்று புதிதாகக் கொஞ்சம் குறுகலான பல் செய்து, புது ஸ்க்ரூ போட்டு முடுக்கிய அன்று, அவரை எதிரே உட்கார வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "இந்தப் பக்கம் டார்ச் வரவே கூடாது. இன்னொரு தரம் லூசாச்சுன்னா என் படி ஏறாதீங்க. இந்த இம்ப்ளாண்ட்ட நான் எப்படிக் காப்பாத்துனேன்னு நீங்களே பாத்தீங்க. இந்தப் பல்லு மேல ஒரு குண்டூசி வெக்கக் கூடாது."

"வெக்க மாட்டேன் டாக்டரம்மா" என்றார். மறுபேச்சே பேசவில்லை. அவ்வளவு சுலபமாக என் நோயாளிகள் யாரும் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அதுவே என்னை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். எனக்கோ, கடைசியில் ஒரு மனிதராவது நான் சொன்னதைக் கேட்கிறாரே என்று பெருமையாக இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் அவர் வரவில்லை. வராதது நல்லதற்கு என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் மத்தியானம், ஷிப்ட் உடுப்போடு, வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் படுத்ததும் முதலில் இடதுபக்கத்தைத்தான் காட்டினார்.

"பாருங்கோ டாக்டரம்மா. அசையவே இல்ல."

பார்த்தேன். அசையவில்லை. ஈறு ரோஜா நிறத்தில் அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் கட்டியவற்றில் அதைப் போல் நின்றது குறைவு. பிறகு கண்ணாடியை வலதுபக்கம் கொண்டுபோனேன். கீழ்க் கடைவாய்ப் பல். சொத்தை இல்லை, ஈறு கெடவில்லை. நெடுக்காக, வேர் வரைக்கும் இரண்டாகப் பிளந்திருந்தது.

"நீங்க சொன்னதுலேந்து அந்தப் பக்கம் ஒரு நாளு கூட வெக்கல. இந்தப் பக்கம்தான் வெச்சிக்கினு இருந்தேன்."

கண்ணாடியை எடுத்துத் தட்டில் வைத்தேன். அவர் நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

"பரவால்ல டாக்டரம்மா, இத்த புடுங்கிட்டு இதுக்கும் அதே மாதிரி ஸ்க்ரூ போட்டு குடுத்துடுங்க. ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி வெச்சிக்கிறேன். உங்க பல்லு தாங்கும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவர் மேல் காட்ட ஒன்றுமில்லை, நான் சொன்னதை அவர் அப்படியே செய்திருந்தார். நான் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னதெல்லாம் நான் வைத்த பல்லை. அவருக்கு முளைத்த பல்லைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.